முன் டிஃப்ரன்ஷியலுக்கு வெல்டு வைத்து மூன்று வருடம்

"வெல்டு வைத்தால் வண்டி திரும்பவே திரும்பாதாமே?" என் டிரக்கின் அடியில் குனிந்து பார்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். முன் டிஃப்ரன்ஷியலை, அதாவது திருப்பத்தில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதியை, வெல்டு வைத்துப் பூட்டியிருக்கிறேன். திரும்பும். ஆனால் சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கிற முன் ஹப்புகள் கையால் திருகிப் பூட்டி விடுவிக்கிற வகையாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத வண்டியிலும், எப்போதும் நான்கு சக்கர ஓட்டத்திலேயே இருக்கிற வண்டியிலும் இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

பின் அச்சில் ஏற்கெனவே லாக்கர் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கிற பூட்டு) இருந்தது. இருந்தும், முன் சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் காற்றில் சுற்றும், தரையில் இருப்பது சும்மா நிற்கும். ஏர் லாக்கர் போட மனசு வரவில்லை. கம்ப்ரஸர், காற்றுக் குழாய், சுவிட்ச் என்று பழுதாகிற சாமான்கள் கூடத்தான் செய்யும். டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கிற ஸ்பைடர் கியர்களையும் சைடு கியர்களையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும், அவ்வளவுதான் விஷயம்.

முதல் முறை அவசரப்பட்டேன். கியர்களின் மேற்புறம் கடினப்படுத்திய எஃகு, சூடேற்றாமல் வெல்டு வைத்தால் விரிசல் விடும் என்று தெரிந்தே வைத்தேன். ஆறும்போது 'டிக்... டிக்' என்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் வெல்டின் நடுவே முடி கனத்தில் ஒரு கோடு. அத்தனையையும் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி கேரியரை (கியர்கள் உட்கார்ந்திருக்கிற கூட்டை) 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, நன்றாக உலர்த்திய 7018 வெல்டிங் ராடால், எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். அப்புறம் மெதுவாக ஆறட்டும் என்று காய்ந்த மணலில் ராத்திரி முழுக்கப் புதைத்துவைத்தேன். இந்தத் தடவை சத்தம் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. பேரிங்குகளைக் கழற்றிவிட்டு வெல்டு வையுங்கள், மின்சாரம் அவற்றின் வழியாகப் பாய்ந்தால் ரோலர்களில் குழி விழும். ஆயில் பிசுக்கைப் போக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே கூடாது. அதன் ஆவி வெல்டிங் ஆர்க்கில் பட்டால் பாஸ்ஜீன் என்கிற விஷ வாயு உண்டாகும்.

தார் ரோட்டில் ஹப் இரண்டையும் விடுவித்துவிட்டு ஓட்டினால் வெல்டு இருப்பதே தெரியாது. ஒரே ஒரு முறை மறந்துபோனேன். வண்டியைத் திருப்பி நிறுத்தப் போனால் டயர் கீச்சிட்டது, ஸ்டியரிங் கையோடு மல்லுக்கு நின்றது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும், வெல்டு அதற்கு விடாது. ஏதாவது ஒரு டயர் வழுக்கித்தான் ஆக வேண்டும். சேற்றிலும் மணலிலும் அது சுலபமாக வழுக்கிவிடும். பிடிமானமுள்ள பாறையில் வழுக்காது, அந்த இறுக்கம் மொத்தமும் ஆக்ஸிலுக்குத்தான் போகும்.

இரண்டாம் வருடம் அதற்கு விலை கொடுத்தேன். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து வைத்துக்கொண்டு, பாறை ஒன்றில் ஏற ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தேன். 'டங்'! இடது ஆக்ஸிலின் யுனிவர்சல் ஜாயின்ட்டில் (சக்கரம் திரும்பினாலும் ஆக்ஸிலைச் சுற்றவிடுகிற மூட்டில்) நடுவே இருக்கிற கிராஸ் இரண்டாக உடைந்து, அதைப் பிடித்திருக்கிற யோக்கின் காது வெளிப்பக்கம் வளைந்திருந்தது. சக்கரம் முழுக்க ஒடிந்திருக்கும்போதுதான் அந்த ஜாயின்ட் படுபலவீனம். அன்றிலிருந்து ஆக்ஸில் ஷாஃப்ட், கிராஸ், சர்க்ளிப் எல்லாம் ஸ்பேராக வண்டியிலேயே கிடக்கின்றன.

ஓட்டி ஓட்டித் தெரிந்துகொண்ட ஒரு உபாயம்: குறுகிய திருப்பங்கள் அடுத்தடுத்து வந்தால் ஒரு பக்க ஹப்பை மட்டும் விடுவித்துவிடுவேன். சாதாரண டிஃப்ரன்ஷியலில் அப்படிச் செய்தால் முன்னால் இழுவையே இருக்காது. வெல்டு வைத்ததில் மறு சக்கரம் இழுத்துக்கொண்டே இருக்கும், ஸ்டியரிங்கும் லேசாகிவிடும். ஆனால் முன்பக்க பாரம் முழுக்க ஒரே ஷாஃப்ட்டில் விழுவதால் மிதிப்பதில் நிதானம் வேண்டும்.

எனக்கு இன்னும் பயம் தருவது பக்கச் சரிவுதான், அதிலும் ஈரமான சரிவு. இரண்டு முன் சக்கரமும் சேர்ந்தே பிடி விட்டு, வண்டியின் மூக்கு பள்ளத்துப் பக்கம் நழுவும். அங்கே மட்டும் பழைய டிஃப்ரன்ஷியலே தேவலை என்று தோன்றும்.

போன மாதம் கவரைக் கழற்றிப் பார்த்தேன். முதல் ஆயில் மாற்றியபோது காந்தத்தில் வெல்டு பொறி மணிமணியாக ஒட்டியிருந்தது. இப்போது சாம்பல் நிறக் குழம்பு மட்டும்தான். வெல்டில் புதுக் கோடு எதுவும் இல்லை. அடுத்து ஸ்டியரிங்குக்கு ஒரு ஹைட்ராலிக் ராம் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்ப உதவுகிற தண்டு) பொருத்த வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பாறையில் ஓட்டிவிட்டு வந்தால், மறுநாள் காலை தோள்பட்டை அதைத்தான் கேட்கிறது.