எரிஸ் 3.5-ஆ, ஜேபிஎல் 305பி-யா?

வியாசர்பாடியில் பத்துக்குப் பத்து அறையில் கானா பதிவு செய்யத் தொடங்கும் தம்பிகள் பலரும் இந்த இரண்டு ஸ்டூடியோ ஸ்பீக்கர்களுக்கு நடுவில்தான் திண்டாடுகிறார்கள்.

விலை: எரிஸ் ஜோடியாக வரும். ஜேபிஎல்லை ஒற்றையாகவும் விற்பார்கள். இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

பேஸ் (அடி ஒலி): எரிஸ் 80 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், ஜேபிஎல் 43 வரை இறங்கும். டோலக்கின் அடி 'தும்' எப்படி இருக்கிறது என்பதை எரிஸில் பாதி ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் ஜேபிஎல்லைச் சுவரோடு ஒட்டி வைத்தால் எல்லாமே குமுறும்; பின்னாலுள்ள, அடி ஒலியைக் குறைக்கும் பவுண்டரி சுவிட்சை மைனஸ் 3 டெசிபலுக்குத் தள்ளினால் கொஞ்சம் அடங்கும்.

வசதி: எரிஸில் ஹெட்போன் துளை முன்னாலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும் ராத்திரிக்கு அதுதான் கைகொடுக்கும்.

குரல் மட்டும் பதிபவருக்கு எரிஸ் போதும். மிக்ஸிங்கும் (குரலையும் இசையையும் அளவாகக் கலப்பது) செய்யப்போகிறவர் ஜேபிஎல் வாங்கட்டும், மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப்போட இடமிருந்தால்.