மூன்று பழைய லோடு வண்டிகள், ஒரே விலை: எது பொய் சொல்லாது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் போன் செய்தான். "மூணு வண்டி பார்த்து வச்சிருக்கேன் மச்சான். மூணும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்றாங்க. எதை எடுக்கட்டும்?"

ஒன்று 2019 மாடல் டாடா ஏஸ். இரண்டாவது 2017 அசோக் லேலண்ட் தோஸ்த். மூன்றாவது 2014 மஹிந்திரா பொலிரோ பிக்கப். ஒட்டன்சத்திரத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து தக்காளியும் முருங்கையும் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தினமும் ஒரு டன், சீசனில் கொஞ்சம் கூடுதல். கையில் இருக்கிற காசுக்குச் சின்ன வண்டி என்றால் புதுசாகவும், பெரிய வண்டி என்றால் பழசாகவும் கிடைக்கும். அதனால்தான் வயதில் அஞ்சு வருடம் வித்தியாசமுள்ள வண்டிகள் ஒரே விலையில் வந்து நிற்கின்றன.

"எந்த கம்பெனி வண்டி நல்லது" என்று கேட்டால் டீக்கடையில் இருக்கும் பத்துப் பேரும் பத்து பதில் சொல்வார்கள். புது வண்டி வாங்குகிறவருக்கு அந்தப் பேச்சு பொருந்தும். பழைய வண்டியில் நான் பார்ப்பது வேறு: இந்த வண்டி தன் பழைய வாழ்க்கையை எவ்வளவு மறைக்கும்? மூன்றும் அதில் மூன்று விதம்.

முதலில் வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. டாடா ஏஸ் 2005-ல் வந்தது. ஊரில் எல்லாருக்கும் அது குட்டி யானை. 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். முதலில் வந்தபோது 16 குதிரைசக்தி. ஏற்ற வேண்டிய எடை முக்கால் டன். தோஸ்த் 2011-ல் நிஸானுடன் கூட்டாக லேலண்ட் கொண்டுவந்தது, ஓசூரில் தயாரானது. அந்தக் கூட்டு 2016-ல் முறிந்து, நிஸானின் பங்கையும் லேலண்டே வாங்கிக்கொண்டது. 1478 சி.சி., மூன்று சிலிண்டர், டர்போ, காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் அமைப்பு). ஒன்றேகால் டன் ஏற்றலாம். பழைய பிக்கப்பில் இருப்பது 2523 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். மற்ற இரண்டிலும் எஞ்சின் சீட்டுக்கு அடியில். பிக்கப்பில் மட்டும் முன்னால் பானட்டுக்குள். மெக்கானிக்குக்கு அது வசதி, டிரைவருக்கும் சூடு குறைவு.

குட்டி யானையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு மறைக்கவே தெரியாது. முக்கால் டன் வண்டியில் நம் ஊரில் யார் முக்கால் டன் ஏற்றுகிறார்கள்? ஒன்றரை டன் செங்கல் ஏற்றிக்கொண்டு முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகிற ஏஸை எல்லோரும் பார்த்திருப்போம். அப்படி ஓடிய வண்டியின் உடம்பெல்லாம் சாட்சி இருக்கும். பின்னால் குனிந்து பிளேட் செட்டை, அதாவது எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை அடுக்கைப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு பிளேட் கூடுதலாக இருந்தால், அடுக்கில் ஒன்று மட்டும் நிறமோ கனமோ வேறாகத் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போய் நேர் பின்னால் நின்று இரண்டு சக்கரத்தையும் பாருங்கள். மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் ஆக்ஸில் ஹவுசிங் (பின் சக்கரங்களை இணைக்கும் அச்சின் கூடு) வளைந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகம் உறுதி. சக்கரமோ 12 அங்குலம், சின்னது. பள்ளத்தின் அடி முழுவதையும் அதுதான் வாங்கும். வீல் பேரிங் போய்விட்டால் காலி வண்டியிலேயே உறுமல் கேட்கும்.

எஞ்சினும் அப்படித்தான். இரண்டே சிலிண்டர், ஒன்று சோர்ந்தாலும் சீட் முதல் கண்ணாடி வரை ஆடும். இதை மூடி மறைக்க எந்த புரோக்கராலும் முடியாது. தோட்டத்து மேட்டில் நாலு மூட்டையோடு ஒருமுறை ஏற்றிப் பார்த்தால் போதும். ஏஸைக் கெட்டிக்காரன் பார்த்தாலும் சரி, புதியவன் பார்த்தாலும் சரி, பெரிதாக ஏமாற வாய்ப்பில்லை. வேலைக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. தினமும் ஒரு டன் என்று சொல்கிறவனுக்கு முக்கால் டன் வண்டி வாங்கிக் கொடுத்தால், முந்தைய ஓனர் செய்த பாவத்தை இவன் தொடர்வான், அவ்வளவுதான்.

பிக்கப் நேர் எதிர். கனமான சேஸ் (அடிச்சட்டம்), பெரிய எஞ்சின். சொன்ன எடைக்கு மேல் அரை டன் போட்டாலும் முனகாது. கிராமத்தில் அதற்கு இருக்கும் மரியாதையும் மறுவிற்பனை விலையும் சும்மா வந்ததல்ல. ஆனால் அந்தப் பொறுமைதான் வாங்குகிறவருக்கு ஆபத்து. பத்து வருடம் அடி வாங்கியதை அது முகத்தில் காட்டாது. வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்துப் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பற்சக்கரமும் கியர்பாக்ஸும் சேர்ந்து செலவு வைக்கும்.

ஆகவே பிக்கப்பைப் பார்க்கப் போனால் காதையும் முழங்காலையும் பயன்படுத்த வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போதே அந்த வாயின்மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. துள்ளி விழுந்தால், புகை பம்மிப் பம்மி வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் கீழே இறங்குகிறது. அப்புறம் ஓட்டும்போது நாற்பது ஐம்பது வேகத்தில் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதித்தால், பின்னாலிருந்து ஊளையிடுவதுபோல் சத்தம் ஏறி இறங்குகிறதா என்று கேளுங்கள். அது கிரவுன் சத்தம். இறக்கத்தில் மூன்றாவது கியரில் கால் எடுத்துவிட்டு வாருங்கள். கியர் தானாக நியூட்ரலுக்கு வந்து விழுந்தால் அந்தக் கியர்பாக்ஸைப் பிரிக்காமல் இருக்க முடியாது. கடைசியாகக் கீழே படுத்து, கேபின் முடிந்து தொட்டி தொடங்கும் இடத்தில் சேஸைப் பாருங்கள். லோடு ஏறி இறங்கும்போது வளைவு அதிகம் விழும் இடங்களில் அது ஒன்று. விரிசலோ, வெல்டிங் வைத்து ஒட்டிய பட்டையோ இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் நான் எழுந்து வந்துவிடுவேன்.

படுத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் எனக்குச் சும்மா வரவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு லோடு வண்டி வாங்கினேன்; என்ன வண்டி, யாரிடம் என்பது இங்கே தேவையில்லை. பளபளவென்று பெயிண்ட், எஞ்சின் தேன் மாதிரி ஓடியது. அடியில் கறுப்பாக தார் மாதிரி ஏதோ பூசியிருந்தார்கள். "துரு பிடிக்காம இருக்கத்தான்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். அது கடற்கரையில் மீன் ஏற்றிய வண்டி. ஐஸ் கரைந்து வழிகிற உப்புத் தண்ணீர் தொட்டி வழியாகச் சேஸுக்குள் வருடக்கணக்கில் இறங்கியிருக்கிறது. ஆறு மாதத்தில் ஒரு பக்கம் பிளேட்டைப் பிடித்திருக்கும் பிராக்கெட் சேஸிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து வண்டி பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் இருக்கும். கறுப்புப் பூச்சின் மேல் பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும், துருப் பிடித்தது பொத்தென்று சொல்லும்.

பெயிண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் லோடு வண்டியில் புதுப் பெயிண்டைப் பார்த்து உடனே விபத்து என்று நினைக்க வேண்டாம். எஃப்.சி.க்கு (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கு) போகும் முன் பெயிண்ட் அடிப்பது வழக்கம். கண்ணாடிகளைப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே கம்பெனி முத்திரை இருக்க, ஒன்றில் மட்டும் வேறு என்றால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. நம்பர் பிளேட்டும் கதை சொல்லும். டி.என். 69 என்றால் தூத்துக்குடி: உப்புக் காற்று, மீன், உப்பளம், அதற்குமேல் 2023 டிசம்பர் வெள்ளம். சீட்டைத் தூக்கி அதன் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஃபியூஸ் பெட்டியின் மூலையில் வண்டல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. டி.என். 43 என்றால் ஊட்டி. மலை ஏறி இறங்கிய வண்டிக்கு கிளட்சும் பிரேக்கும் சமவெளிக் கணக்கில் ஓடியிருக்காது. கிலோமீட்டர் மீட்டரை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அதைத் திருத்துவது சுலபம். கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் அறுபதாயிரம் காட்டினால் நான் பெடலைத்தான் நம்புவேன்.

தோஸ்த் இந்த இரண்டுக்கும் நடுவில். உடம்பு உண்மையைச் சொல்லும், எஞ்சின் பாதிதான் சொல்லும். காமன் ரெயில் எஞ்சினில் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்துக்கொண்டே இருப்பதால், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று தேய்ந்தாலும் ஓட்டுகிறவருக்கு உடனே தெரியாது. பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் என்றால் ஊர்ப்பட்டறையிலேயே பிரித்து மாட்டிவிடுவார்கள். கேன் டீசலுக்கும் பெரிதாகக் கோபிக்காது. காமன் ரெயிலுக்கு டீசலில் தண்ணீரோ தூசியோ ஆகாது. இன்ஜெக்டரும் பம்பும் விலை அதிகம், பார்க்கத் தெரிந்த ஆள் டவுனில்தான் இருப்பார்.

ஆனால் சோதனை கஷ்டமில்லை. ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சின்னப் பாட்டிலை மாட்டி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். எல்லாப் பாட்டிலும் ஏறக்குறைய சமமாக நிறைந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் சீக்கிரம் நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் டீசலைக் கசியவிடுகிறது. டர்போவிலிருந்து போகும் பெரிய ஹோஸை ஒருமுறை கழற்றி விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான ஈரம் பரவாயில்லை. ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீல் போயிருக்கலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி பார்க்கிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள வண்டியை எப்போதும் ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டி நடையாக ஓட்டியிருந்தால் அது அடைத்துக்கொள்ளும். கரியை எரிக்கும் முயற்சி பாதியில் நின்று நின்று போனால் டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியில் அளவு குறைந்திருந்தால் ஒரு கவலை; கூடியிருந்தால் அதைவிடப் பெரிய கவலை.

காகிதம்: ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் பைனான்ஸிலிருந்து கடன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35-ம் என்.ஓ.சி.யும் கையில் வராமல் அட்வான்ஸ் கூடக் கொடுக்க வேண்டாம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம், பிக்கப்புக்கு அந்தச் செலவு இப்போதே உண்டு, 2019 ஏஸுக்கு எட்டு வருடம் 2027-ல்தான் முடியும். வண்டியின் மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட் தேவையில்லை. ஏஸும் தோஸ்தும் அந்தக் கோட்டுக்குள். 1.7 டன் ஏற்றும் பெரிய பிக்கப் வெளியே போய்விடும்.

சரி, மச்சான் கதைக்கு வருகிறேன். மூன்று பேரிடமும் "காலை ஆறு மணிக்கு வருவோம், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லிவைத்தோம். குளிர்ந்த எஞ்சினை முதலில் எழுப்பும்போது வரும் சத்தமும் புகையும் எந்தப் பேச்சையும்விட நம்பகமானவை. நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை எஞ்சின் சூடான பிறகும் அடங்காவிட்டால் இன்ஜெக்டரையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகப்பட வேண்டும்.

ஏஸ் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தது. ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் பின்னால் இரண்டு பிளேட் கூடுதல். ஓனரே சிரித்துக்கொண்டு, "செங்கல் சூளைக்கு ஓடுச்சுங்க" என்றார். பிக்கப்பின் பானட்டைத் திறந்து ரேடியேட்டரில் கை வைத்தேன். ஆறே காலுக்கு அது வெதுவெதுப்பாக இருந்தது. மச்சானுக்கு மனசே இல்லை, அவன் கண் முழுக்க அந்த வண்டிமேல்தான். ஆயில் மூடியைக் கழற்றி வைத்துப் பார்க்கவே இல்லை நான். எனக்காக யாரோ முன்னாலேயே சூடேற்றி வைத்த வண்டியில் மேற்கொண்டு என்ன பார்ப்பது?

தோஸ்த் குளிர்ந்தே இருந்தது. ஒரு வினாடி கறுப்புப் புகை, பிறகு தெளிவு. பாட்டில்கள் மூன்றும் சமமாக நிறைந்தன. தொட்டியின் தரையில் பழைய வெங்காயச் சருகு ஒட்டிக் கிடந்தது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண் மட்டும் 0817 என்றது: 2017-ன் எட்டாவது வாரம். வண்டியோடு வந்த டயர், தேய்மானம் குறைவு, ஆனால் ரப்பரில் பூப்போல வெடிப்பு. நான்கு டயரின் விலையைக் கணக்குப் போட்டுச் சொன்னோம். அவர் இரண்டுக்குக் குறைத்தார், மூன்றில் முடிந்தது. மச்சான் இன்றும் பிக்கப்பைப் பற்றித்தான் பேசுகிறான், தோஸ்தில் தக்காளி ஏற்றிக்கொண்டே.