மாடி மிளகாயில் இலைப்பேன்: வேப்பெண்ணெயா, ஸ்பினோசாட்டா?

2022 ஜூனில் இலங்கையில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் ஏதாவது பயிரிடுங்கள் என்றார்கள். என் கணவருக்கும் அந்த வெள்ளிகள் கிடைத்தன. எங்களுக்கு இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் ஒரு பல்கனி மட்டும்தான். அதில் ஏழு சாடியில் பச்சை மிளகாய், இரண்டில் நை மிரிஸ் என்ற உறைப்பு மிளகாய், ஒன்றில் கறிவேப்பிலை என்று தொடங்கினோம். முதல் காய்ப்பு நன்றாக இருந்தது. அடுத்த ஜனவரி வெயிலில் கொழுந்துகள் எல்லாம் சுருண்டு, கன்றுகள் குறண்டிப் போய் நின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது குருமன், பிள்ளை; பிடுங்கி எறிஞ்சிட்டு வேற நடு" என்றா. ஊரில் மிளகாய் இலை சுருண்டால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெயர்தான். ஆனால் சுருளுக்குப் பின்னால் மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம். இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து தோணி போல நின்றால் பெரும்பாலும் இலைப்பேன், அதாவது த்ரிப்ஸ். தோணியைக் கவிழ்த்தது போலக் கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணி. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் என்றால் இலை சிறுத்து மஞ்சளாகும்; அந்தக் கன்றை மட்டும் அம்மா சொன்னபடி பிடுங்கத்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்தின் கீழே பிடித்துத் தட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட இல்லாத, வைக்கோல் நிறக் கோடுகள் ஓடினால் இலைப்பேன்தான். எங்கள் தாளில் ஓடின.

அதன்பிறகு நான் அதற்கு இரண்டு மருந்தையும் பாவித்துவிட்டேன். வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்த கரைசலை இரண்டு வருடத்துக்கு மேலாக. ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்தை ஒரு வறண்ட காலத்தில் மட்டும், அதுவும் ஒரு சிறிய போத்தல்தான். என் பக்கம் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேப்பெண்ணெய். ஆனால் அது அதிகம் கொல்லும் என்பதால் அல்ல. கொல்லும் வேகத்தில் ஸ்பினோசாட்டுக்குப் பக்கத்தில்கூட அது வராது.

மற்றத் தெரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெறும் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாக அடிப்பது நல்லது, எதைத் தொடங்குவதற்கு முன்னும் அதைச் செய்யுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. பூச்சி ஒட்டும் நிற அட்டை எண்ணிப் பார்க்கத்தான் உதவும். நீலத்தையும் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டேன், மிளகாய் இலைப்பேன் மஞ்சளில்தான் கூட ஒட்டியது. இமிடாகுளோபிரிட்டை நான் தொடவில்லை. அது வேர்வழியாக ஏறிச் செடி முழுக்கப் பரவும் மருந்து. தேனீக்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் அதைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. காலையில் சம்பலுக்குப் பிடுங்கும் காயில் அது எனக்கு வேண்டாம்.

சரி, போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

ஸ்பினோசாட் என்பது மண்ணில் வாழும் ஒரு பக்டீரியா உண்டாக்கும் பொருளிலிருந்து எடுப்பது. கரீபியன் தீவொன்றில், கைவிடப்பட்ட ரம் வடிசாலை ஒன்றிலிருந்து 1982 இல் எடுத்த மண்ணில் அந்த பக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். இலைப்பேன் அதைத் தின்றாலோ அது மேலே பட்டாலோ நரம்பு பாதிக்கப்பட்டு இறந்துவிடும். நான் விசிறிய மூன்றாம் நாள் தாளில் தட்டிப் பார்த்தபோது ஒன்றும் ஓடவில்லை. அந்த நிம்மதியை மறுக்க மாட்டேன். அதற்கு மணம் இல்லை, இலை கருகவில்லை, கலக்குவதும் சுலபம். விசிறிய ஈரம் காயும்வரை தேனீக்களுக்கு நஞ்சு என்பதால் இருட்டுப்பட்ட பிறகே விசிற வேண்டும், அவ்வளவுதான்.

வேப்பெண்ணெய் வேலை செய்யும் விதமே வேறு. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் சாப்பாட்டைக் குறைக்கும், குஞ்சு தோலுரிப்பதைக் குழப்பும், அதனால் அடுத்த பருவத்துக்கு வளர முடியாமல் போகும். கூடவே எண்ணெயும் சவர்க்காரமும் மேலே பட்ட மென்மையான குஞ்சுகளை நேரடியாகக் கொல்லும். பறக்கும் முதிர்ந்த பூச்சிகள் பெரும்பாலும் தப்பிவிடும். பத்து, பதினான்கு நாள் போன பிறகுதான் புதுக் கொழுந்து நேராக வருவது தெரியும். முதல் கிழமையில் இது சரிவராது என்றுதான் நினைத்தேன்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விடயத்துக்கு வருகிறேன். இலைப்பேன் முட்டையை இலைச் சதைக்குள் குத்தி வைக்கும். அங்கே எந்த மருந்தும் போகாது. குஞ்சாக இரண்டு பருவம் கொழுந்தைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும். அப்புறம் இறங்கி மண்ணிலோ உதிர்ந்த இலைகளுக்குள்ளோ கூட்டுப்புழுப் பருவத்தைக் கழிக்கும்; இலைக்கு விசிறும் மருந்து அங்கேயும் படாது. கொழும்பு வெக்கையில் இந்தச் சுற்று முழுவதும் இரண்டு மூன்று கிழமையில் முடிந்துவிடும். ஆகவே எந்த நாளில் விசிறினாலும் கூட்டத்தில் ஒரு பகுதிதான் கைக்கு எட்டும். அதனால் எந்த மருந்தாக இருந்தாலும் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று நான்கு தடவை விசிறினால்தான் பிடி கிடைக்கும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. எங்கள் கீழ்வீட்டு அக்கா பல்கனி நிறைய ரோசா வைத்திருக்கிறா. ஒழுங்கை மூலையில் ஒரு மாமரம். ரோசாவும் மாவும் இதே இலைப்பேனுக்கு விருப்பமான மரஞ்செடிகள். என் ஒன்பது மிளகாய்ச் சாடியையும் நான் முற்றாகச் சுத்தமாக்கினாலும் காற்றடித்தால் புதியவை வந்து சேரும். குளிர்காலம் வந்து கொல்லும் நாடும் இல்லை இது. ஊரில் தோட்டக்காரருக்கு ஒரு போகம் முடியும், செடியைப் பிடுங்குவார்கள், நிலம் காயும், பயிர் மாற்றுவார்கள். பல்கனியில் ஒரு மிளகாய்க் கன்று இரண்டு வருடம் அதே சாடியில் நிற்கும், பன்னிரண்டு மாதமும் பூக்கும்.

ஸ்பினோசாட் போத்தலின் லேபிளில் ஒரு போகத்துக்கு இத்தனை தடவைக்கு மேல் விசிறக்கூடாது என்று போட்டிருந்தது. அது சும்மா போட்டதல்ல. ஒரே மருந்தைத் தொடர்ந்து பாவித்தால் அதற்குத் தாக்குப்பிடிக்கும் பூச்சிகள் மட்டும் மிஞ்சிப் பெருகும். இலைப்பேன்கள் ஸ்பினோசாட்டுக்கு அப்படிப் பழகிய இடங்கள் உலகில் பல இருக்கின்றன. என் பல்கனியில் போகமே இல்லாதபோது நான் எதை வைத்து எண்ணுவது? பெப்ரவரியில் அனுமதித்த தடவைகளை முடித்துவிட்டேன். மார்ச் நடுப்பகுதியில் தாளில் மறுபடியும் ஓடத் தொடங்கின. கையில் அதே போத்தல் இருந்தது, ஆனால் பாவிக்க முடியாது.

இதோடு அறுவடைப் பிரச்சினையும் இருக்கிறது. மிளகாயை மரக்கறிக்காரர் மாதிரி ஒரே நாளில் பறிப்பதில்லை, இடியப்பத்துக்குச் சம்பல் அரைக்க நாலு காய், சொதிக்கு இரண்டு காய் என்று ஒன்றுவிட்ட ஒருநாள் கைவைக்கிறோம். ஸ்பினோசாட்டுக்குக் காத்திருப்புக் காலம், அதாவது விசிறிய பிறகு பறிக்காமல் விட வேண்டிய நாட்கள், குறைவு என்பது உண்மை. ஆனாலும் லேபிளில் உள்ள நாளைப் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும், விசிறுவதற்கு முதல் நாளே காய்களை எடுத்து வைக்க வேண்டும். வீட்டில் நான் மட்டும் இருந்தால் சரி. கேட்காமல் போய் ஒரு காயைக் கிள்ளிக்கொண்டு வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தக் கணக்கு நிற்காது. வேப்பெண்ணெய் விசிறிய காயை நன்றாகக் கழுவினால் போதும், கழுவாவிட்டால் கைப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

வேப்பெண்ணெய்க்குப் பராமரிப்பு கூட என்பதை மறைக்கவில்லை. எண்ணெயைப் புறக்கோட்டை கபோஸ் லேன் மூலிகைக் கடையில் வாங்குகிறேன். மணம் மூக்கைத் துளைக்க வேண்டும், நிறம் கபிலமாக இருக்க வேண்டும். தெளிவாக, மணமில்லாமல் சுத்திகரித்த எண்ணெயில் அசாடிராக்டின் மிகக் குறைவு. ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் முதலில் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தை ஒரு தேக்கரண்டி அளவு சீவிக் கரைத்து, பிறகு 5 மில்லிலீற்றர் எண்ணெய் விட்டுப் பால் போல வரும்வரை குலுக்குவேன். துணி துவைக்கும் தூள் வேண்டாம், இலையைக் கெடுக்கும். கலந்ததை அன்றே முடித்துவிட வேண்டும். சுருளுக்குள்ளேயும் இலையின் அடியிலும் நனைய வேண்டும். மேலே மட்டும் பளபளத்தால் அது வீண். வெயில் அசாடிராக்டினைச் சில நாளில் அழித்துவிடும் என்பதால் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகுதான் விசிறுவேன். தொடக்கத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு விசிறி நான்கு கன்றின் இலைகளைக் கருக்கிவிட்டேன். அன்றிலிருந்து புதுக் கரைசல் என்றால் ஒரு கிளைக்கு மட்டும் விசிறி ஒருநாள் பார்க்கிறேன்.

மணமும் ஒரு விடயம்தான். கடல்காற்று கீழ்வீட்டு உடுப்புக் கொடிக்கு அதைக் கொண்டுபோகும். அதனால் விசிறும் நாளை அக்காவிடம் முதலே சொல்லிவிடுவேன். இப்போது அவவின் ரோசாக்களுக்கும் அதே போத்தலில் கொஞ்சம் கொடுக்கிறேன். என் சாடிகளுக்கு அதுதான் பெரிய உதவியாக இருந்திருக்கிறது.

மண் பக்கம் நான் செய்வது, உதிர்ந்த இலைகளை அன்றன்றே பொறுக்குவது, மாதம் ஒருமுறை மேல்மண் இரண்டு சென்ரிமீற்றரைச் சுரண்டி மொட்டைமாடியில் வெயிலில் காயப்போட்டுத் திரும்பப் போடுவது. எல்லாவற்றையும் சேர்த்தே செய்வதால், இது தனியாக எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நிலத்தில் தோட்டம் செய்பவர்களுக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்பதும் அப்படித்தான்; நான் சாடியைத் தாண்டிப் போனதில்லை.

ஸ்பினோசாட்டை நான் ஒதுக்கிவிடவும் இல்லை. ஒரு சாண் உயரக் கன்று, எல்லாக் கொழுந்தும் சுருண்டுவிட்டது என்றால் வேப்பெண்ணெய் பிடிக்கும் இரண்டு கிழமைக்கு அது தாங்காது. அப்போது ஒரு தடவை, தேவைப்பட்டால் இன்னொரு தடவை ஸ்பினோசாட், அதன்பிறகு வேப்பெண்ணெய். காய்க்காத கன்றில் பறிக்கும் நாளை எண்ணும் வேலையும் இல்லை. சிற்றுண்ணி என்றால் மட்டும் அதில் காசைச் செலவழிக்காதீர்கள், அதற்குப் பெரிதாக வேலை செய்யாது. கந்தகம் நல்லது, ஆனால் எண்ணெய் விசிறிய இரண்டு கிழமைக்குள் கந்தகம் போட்டால் இலை எரிந்துவிடும். எது என்று பிடிபடாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

எந்த மருந்தானாலும் ஏற்கனவே சுருண்ட இலை திரும்ப விரியாது. பழைய இலையைப் பார்த்து மருந்து பிழை என்று முடிவெடுக்காமல், அடுத்து வரும் நான்கு இலையைப் பாருங்கள். எங்கள் ஏழு பச்சை மிளகாய்க் கன்றில் ஐந்தில் கொழுந்து இப்போது நேராக இருக்கிறது. மற்ற இரண்டிலும் நேற்றுத் தாளில் மூன்று ஓடின. செவ்வாய் பின்னேரம் விசிறப்போகிறேன் என்று கீழே சொல்லியாயிற்று.