ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது ஒரு எஞ்சின், விற்றது வேறு எஞ்சின்: சின்ன எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பத்து லட்சத்துக்குள் ஒரு சின்ன எஸ்யூவி வாங்கலாம் என்று ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். சேலத்தில் ஒரு ஷோரூமில் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அதிக சக்தி தரும் கருவி) உள்ள வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்துவிட்டு, டர்போ இல்லாத வண்டியை எங்கள் தலையில் கட்டினார்கள். அதுவும் போன வருடம் தயாரான வண்டி. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஷோரூம் பெயரையோ வண்டியின் பெயரையோ இங்கே எழுதவில்லை. ஆனால் இந்த வேலையை எந்த ஊரிலும், எந்த கம்பெனி வண்டியிலும் செய்யலாம். அதனால் எப்படிச் செய்தார்கள் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

அம்மா ஏற்காட்டில் இருக்கிறார். வாரநாட்களில் டவுனுக்குள் ஆபீஸ், பள்ளிக்கூடம், கடைவீதி. வாரக்கடைசியில் குடும்பத்தோடு மலை ஏற வேண்டும். ஐந்து பேர், பின்னால் சாமான், ஏசி ஓடிக்கொண்டிருக்கும், 20 கொண்டை ஊசி வளைவுகள். இதை முதல் நாளே விற்பனைப் பிரதிநிதியிடம் சொல்லிவிட்டோம். அவரே எங்களை அடிவாரம் வரை அழைத்துப் போய், முதல் சில வளைவுகளை ஏறிக் காட்டினார். வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

விலை பேசும்போதுதான் வேலையைக் காட்டினார். "டாப் வேரியண்ட் வேண்டாம் சார், பத்து லட்சத்தைத் தாண்டிட்டா ரோடு டாக்ஸ் எகிறிடும். அதே வண்டிதான், சன்ரூஃபும் பெரிய வீலும் மட்டும் இருக்காது" என்றார். அவர் சொன்ன வரிக் கணக்கு உண்மைதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான புது காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். எல்லைக்கோட்டில் நிற்கும் வண்டிக்கு இதிலேயே ஏறக்குறைய 50,000 ரூபாய் வித்தியாசம் வந்துவிடும். போதாததற்கு 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே நம்மிடம் முன்கூட்டி வாங்கிக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள் (அதை வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்). இந்த நியாயமான யோசனைக்குள்தான் பொய்யை வைத்திருந்தார்.

நான் வாட்ஸ்அப்பில் தெளிவாகவே கேட்டேன்: "நாங்கள் ஓட்டிய அதே எஞ்சின், அதே ஆட்டோமேட்டிக் தானே?" வந்த பதில்: "சேம் வண்டி சார், ஃபீச்சர்ஸ் மட்டும் கம்மி." கொட்டேஷனில் எஞ்சின் என்று ஒரு வரியே கிடையாது. வேரியண்ட் பெயர், அதன் பின்னால் புரியாத ஒரு சுருக்கக் குறி, கலர், தொகை, அவ்வளவுதான். புக்கிங் ஃபார்மிலும் அப்படியே.

இந்த வகை வண்டிகளில் பலவற்றுக்கு ஒரே உடம்பில் இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள் வரும். ஹூண்டாய் வென்யூவில் 1.2 லிட்டர் எஞ்சினுக்கு 83 குதிரைத்திறன், டர்போவுக்கு 120. மாருதி ஃப்ரான்க்ஸில் 90, 100. நிசான் மேக்னைட்டில் 72, 100. குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் சில வண்டிகளில் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். மலையில் உங்களைத் தூக்கிக்கொண்டு போவது டார்க், அதாவது இழுவிசை. ஃப்ரான்க்ஸில் அது 113 நியூட்டன் மீட்டரிலிருந்து டர்போவில் 148 ஆகிறது. அதைவிட முக்கியம், டர்போவில் அந்த இழுவிசை எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. டர்போ இல்லாத எஞ்சினை நன்றாக முறுக்கினால்தான் முழு இழுவை வரும். சமதளத்தில் ஓட்டும்போது இது அவ்வளவாகத் தெரியாது. சேலம் டவுனுக்குள் ஐந்து ரோடு மேம்பாலம் வரைக்கும் எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஏற்காடு மலையில் தெரிந்தது. வளைவில் வேகம் குறைந்ததும் வண்டி திணறியது. போதாக்குறைக்கு, கொடுத்திருந்தது ஏஎம்டி கியர். அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை நமக்குப் பதிலாக ஒரு மோட்டார் அமுக்குகிறது. இரண்டாவது கியரிலிருந்து முதலுக்கு இறங்க அது ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடி சக்கரத்துக்கு இழுவையே போகாது. கொண்டை ஊசி வளைவின் நடுவில், பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வரும்போது அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏசியை அணைத்துவிட்டுத்தான் மேலே போய்ச் சேர்ந்தோம். டெஸ்ட் டிரைவில் ஓட்டியது டர்போவோடு வரும் வேறு வகை ஆட்டோமேட்டிக். இரண்டையும் ஷோரூமில் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே சொல்லால்தான் சொல்வார்கள்.

அந்த எஞ்சினையும் ஏஎம்டியையும் குறை சொல்ல வரவில்லை. டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது போதும், விலையும் குறைவு. எனக்கு ஆறாத கோபம் எங்கே என்றால், ஏறக்குறைய அதே விலையில் அலங்காரம் குறைந்த டர்போ வேரியண்ட் ஒன்று இருந்தது. பத்து லட்சத்துக்குள்ளேயே வந்திருக்கும். அவர்களிடம் ஸ்டாக் இல்லை. காத்திருக்கச் சொன்னால் வேறு ஷோரூமுக்குப் போய்விடுவோம் என்று ஸ்டாக் வண்டிகளை நிறுத்தும் யார்டில் நின்றதைத் தள்ளிவிட்டார்கள்.

அப்புறம் ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) வந்தது. வாங்கியது தை மாதம், தயாரித்த மாதம் முந்தைய வருடத்து ஆகஸ்ட் என்று இருந்தது. பழைய வருடத்து ஸ்டாக்கைத் தள்ளுபடி கொடுத்து விற்பது தொழிலில் வழக்கம், சொல்லி விற்றால் தப்பே இல்லை. எங்களுக்குப் புது வருட விலை போட்டார்கள். நாளைக்கு விற்கப்போனால் வாங்குகிறவர் தயாரித்த வருடத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

பில்லில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகையும், கட்டாயம் என்று சொல்லி ஆக்சஸரீஸ் கிட்டும் சேர்த்திருந்தார்கள். இன்சூரன்ஸையும் அவர்களிடமே போட வேண்டும் என்றார்கள். மூன்று வருட மூன்றாம் தரப்புக் காப்பீடுதான் புது காருக்குக் கட்டாயம், அதை எந்த நிறுவனத்தில் போடுவது என்பது உங்கள் விருப்பம்.

நீங்கள் புக் செய்யப் போகிறீர்கள் என்றால், வாங்கப்போகும் அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் உள்ள வண்டியைத்தான் ஓட்டிப் பார்ப்பேன் என்று பிடிவாதமாக நில்லுங்கள். ஆள் முழுக்க உட்கார்ந்து, ஏசி போட்டு, ஒரு ஏற்றத்தில் பாதியில் நிறுத்திக் கிளப்புங்கள். வயதானவர்கள் இருந்தால் பின்சீட்டில் அவர்களையே ஏறி இறங்கச் சொல்லுங்கள். புக்கிங் ஃபார்மில் எஞ்சின், டர்போ உண்டா இல்லையா, கியர் வகை, தயாரித்த மாதம் எல்லாவற்றையும் எழுதி சீல் வைத்து வாங்குங்கள். லோன் தொகையை பேங்க் அனுப்புவதற்கு முன்னால் சேசிஸ் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) கேட்டு வாங்கி, யார்டுக்கே போய் வண்டியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3124 என்றால் 2024-ன் 31-வது வாரம் செய்த டயர். வண்டி அதற்கு முன்னால் தயாராகியிருக்க முடியாது, அதனால் ஒரு குறிப்பு கிடைக்கும். உறுதியான தேதிக்கு சேசிஸ் நம்பரைச் சொல்லி கம்பெனியின் கஸ்டமர் கேரிலேயே கேளுங்கள். ரிஜிஸ்ட்ரேஷன் ஆகிவிட்டால் அப்புறம் யாரும் வண்டியைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். எங்களுக்கு மேனேஜர் சொன்ன ஒரே பதில் அதுதான்: "ஆர்சி ஆயிடுச்சு சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகு ஹேண்ட்லிங் சார்ஜையும் ஆக்சஸரீஸ் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். எஞ்சின் பற்றி வாயே திறக்கவில்லை. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். வண்டி விலை 5 முதல் 10 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் 200 ரூபாய்தான், வக்கீல் இல்லாமலும் நாமே வாதாடலாம். அந்த வாட்ஸ்அப் பதில்தான் எங்களிடம் இருக்கும் பெரிய சாட்சி.

சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் யாருக்காவது இப்படி எஞ்சின் மாற்றிக் கொடுத்திருந்தால் கொட்டேஷன், புக்கிங் ஃபார்ம், மெசேஜ் எதையும் அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே ஷோரூமாக இருந்தால் சேர்ந்தே ஆணையத்துக்குப் போகலாம்.