முள்ளோடையில் இறக்கிவிடுவார்கள்

பாரிஸில் ஸ்ட்ரைக்குக்கும் ஒரு டைம்டேபிள் உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்ட்ரைக்கில் சேரப்போகிற ரயில், பஸ் ஊழியர் 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். எந்த லைனில் எத்தனை வண்டி ஓடும் என்பது முந்தின நாளே பயணிகளுக்குத் தெரிந்துவிடும். புதுச்சேரி பந்த்துக்கு ‘காலை 6 முதல் மாலை 6 வரை’ என்று சுவரொட்டியில் ஒரு வரி, அவ்வளவுதான். கடலூரில் ஏறிய பஸ் எதுவரை போகும் என்பது எல்லையிலிருக்கும் முள்ளோடை வந்தால்தான் கண்டக்டருக்கே தெரியும்.

பந்த் சட்டவிரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் 1997-இல் சொல்லி, அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து 2024 செப்டம்பர் 18-இல் நடந்ததும் பழைய வாடிக்கைதான்: தனியார் பஸ், ஆட்டோ, டெம்போ எல்லாம் நிற்கும். இதெல்லாம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் பத்து வருஷம் இருந்தவர்கள் மறந்துவிடுவது புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே ஓடும் எல்லைக்கோட்டைத்தான்.

புதுச்சேரிக்கு மட்டும் பந்த் என்றால், தமிழ்நாட்டுப் பக்கத்து ரெட்டிச்சாவடி டீக்கடையில் வடை வெந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டு பஸ்கள் எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். கடலூர் ரோட்டில் அது முள்ளோடை, விழுப்புரம் ரோட்டில் மதகடிப்பட்டு, திண்டிவனம் ரோட்டில் கோரிமேடு. கோரிமேட்டில் இறக்கிவிட்டால் பரவாயில்லை, ஊருக்குள் வந்த மாதிரிதான். முள்ளோடையில் இறக்கிவிட்டால் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வரிசையாகக் கிடக்கிறது. விமான நிலையத்துப் பளிங்குத் தரையில் விரலால் தள்ளினால் ஓடுகிற 23 கிலோ சூட்கேஸ், தார் ஓரத்து ஜல்லியில் நூறடி உருளாது. முதலில் சக்கரத்தில் கல் சிக்கும், இழுத்தால் கைப்பிடி கழன்று கையோடு வரும். தலையில் வைத்துத்தான் நடக்கணும்; அதற்கு சும்மாட்டுத் துண்டு வேண்டும், அதை யார் பாரிஸிலிருந்து கொண்டுவருவது?

ஈ.சி.ஆர் இன்னும் வேடிக்கை. சென்னையிலிருந்து வருகிறவர் கனகசெட்டிகுளத்தில் ஒருமுறை புதுச்சேரிக்குள் நுழைவார், காலாப்பட்டு தாண்டித் தமிழ்நாட்டுக்கு வெளியேறுவார், கோட்டக்குப்பம் முடிந்ததும் மறுபடி நுழைவார். ஒரே பந்த், இரண்டு மறியல்.

எனவே முந்தின இரவே போக வேண்டிய பக்கத்தில் போய்ப் படுத்துவிடுவது ஒன்றுதான் உருப்படியான ஏற்பாடு. கடலூருக்கே போகிறவர்கள் புதுச்சேரியைத் தொடவே வேண்டாம். எழும்பூரிலிருந்து மெயின் லைன் ரயிலில் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே. காரில் என்றால் விழுப்புரம் தாண்டி கோலியனூர் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்பி பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழி. மேப் நேராக மதகடிப்பட்டுக்கு இழுக்கும். அதன் கணக்கில் பந்த் கிடையாது.

அப்படியும் அன்றைக்கே பயணம் செய்தாக வேண்டுமென்றால் முதல் ட்ரிப்பில் ஏறாதீர்கள். முதல் பஸ் போகிறதா இல்லையா என்றுதான் இரண்டு தரப்பும் காத்திருக்கும். முன்சீட்டும் வேண்டாம், ஜன்னலோரமும் வேண்டாம். முன்கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. கல் பட்டால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டு அப்படியே நிற்கும். பக்கக் கண்ணாடி அப்படியல்ல, ஒரே அடியில் கற்கண்டுத் தூளாகி மடியில் கொட்டும். ஆம்னி பஸ்ஸில் திரைச்சீலையை இழுத்து விட்டால் பாதித் தூள் அதிலேயே நின்றுவிடும், டவுன் பஸ்ஸில் ஷட்டரை இறக்கிவிட வேண்டும்.

வாடகைக் கார் என்றால் டாங்க்கை முந்தின நாளே நிரப்பச் சொல்லுங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு கார் நீளம் இடைவெளி இருந்தால்தான் கூட்டத்தைக் கண்டு திருப்ப முடியும். மறித்தால் ஹாரன் அடிக்கக்கூடாது. கண்ணாடியைப் பாதி இறக்கி, ‘ஆஸ்பத்திரிக்குங்கண்ணா’, ‘ஏர்போர்ட்டுங்கண்ணா’ என்று உள்ளதைச் சொன்னால் அநேகமாக வழிவிடுவார்கள். டிக்கெட்டை அச்செடுத்துக் கையில் வையுங்கள். கெடுப்பது செல்போன்தான். படம் பிடிக்கிறவனைப் பார்த்தால் அதுவரை சும்மா நின்றவனும் திரும்புவான்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஒன்று. காரின் முழு பாலிசியில் கலவரச் சேதத்துக்கு ஈடு உண்டு, மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் உடைந்த கண்ணாடி உங்கள் செலவு. வண்டி ஏறும் முன் டிரைவரிடம் கேளுங்கள், முறைப்பார், பரவாயில்லை.

வெறும் கடையடைப்பு தாண்டிக் கலவரமானால் கதை வேறு. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். நெட் போனால் ஜிபே போச்சு, கால் டாக்ஸி போச்சு. நூறு, இருநூறு ரூபாய்த் தாளாக இரண்டு நாள் செலவுக்கு வேண்டும், மேப்பை முன்பே இறக்கி வைக்க வேண்டும், வீட்டு முகவரியையும் நாலு போன் நம்பரையும் காகிதத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் செருக வேண்டும். ‘144 போட்டாச்சு’ என்று ஊரே சொல்லும். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அந்தத் தடை உத்தரவின் எண் 163, விளைவு அதேதான். ஐந்து பேராகத் தெருமுனையில் நின்று அரட்டை வேண்டாம். போலீஸ் ஊர்க்காரரைப் பிடித்தால் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துச் சாயங்காலம் விடுவார்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரரிடம் விசாவை எடுக்கச் சொல்வார்கள். 2019 டிசம்பரில் சென்னை ஐஐடிக்குப் படிக்க வந்த ஜெர்மன் மாணவர் ஒருவரை, போராட்டத்தில் கலந்துகொண்டார் என்று நாட்டைவிட்டே போகச் சொன்னார்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். விடிவதற்குள் புதுச்சேரிக் கூட்டுறவுப் பால் கடையான பாண்லே பூத்தில் பால் வாங்கிவிட்டால் பாதிக் கவலை தீரும். மருந்துக் கடை திறந்திருக்கும், 108 ஓடும். பகலெல்லாம் ரோடு காலி, வண்டிச் சத்தமே இல்லாமல் பையன்கள் நடுரோட்டில் ஸ்டம்ப் நட்டிருப்பார்கள். அந்த ஒரு காட்சிக்காக பந்த்தை மன்னிக்கலாம் போலக்கூட இருக்கும், முள்ளோடையை நினைக்காத வரைக்கும்.

ஆறு அடித்ததும் ஷட்டர்கள் தூக்கும் சத்தம் தெரு நெடுக வரும். உடனே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாதீர்கள். முதல் கடலூர் பஸ்ஸில் படிக்கட்டில்தான் இடம். ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் இரண்டாவது வண்டியில் சூட்கேஸுக்கும் சேர்த்து இடம் கிடைக்கும், லக்கேஜ் சார்ஜ் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.