ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க், எல்லோஸ்டோன்

ஆர்.வி. எனப்படும், வீட்டு வசதிகள் கொண்ட வண்டியே வீடாக வாழும் குடும்பத்துக்கு அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் தங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் மூன்றுக்கும் இணைப்புத் தரும் முகாம் பூங்காவுக்குள் இது ஒன்றுதான். கரடி நடமாட்டம் அதிகம் என்பதால் கடினச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. துணிப் பக்கங்கள் கொண்ட மடக்கு டிரெய்லர் கூடாது. சாப்பாடு, குப்பை எதையும் வெளியே விடாதீர்கள்.

உயரம் சுமார் 7,800 அடி. கோடையிலும் சில இரவுகளில் உறைபனி விழும். தண்ணீர்க் குழாயை இரவில் கழற்றி, வடித்து வைத்துவிட்டு, உள்தொட்டி நீரைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் குழாயில் நீர் உறைந்து இணைப்பு விரிசல் விடும். நீரழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் குழாயின் வண்டி முனையில் மாட்டாமல், முகாமின் நீர்க்குழாயிலேயே மாட்டுங்கள்; 45 முதல் 50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் போதும்.

கழிவுநீர் இணைப்பு இருக்கிறதே என்று கழிப்பறைத் தொட்டி வால்வைத் திறந்தே வைப்பது பெரிய தவறு. நீர் ஓடிவிடும், திடக்கழிவு தங்கி இறுகும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் திறந்து, பிறகு குளியல்நீர்த் தொட்டியைத் திறந்துவிட்டால் கழிவுக் குழாயும் சுத்தமாகும்.

அலைபேசி இணைப்பை நம்பி இணையவழிப் பாடமோ வேலையோ திட்டமிட வேண்டாம். முன்பதிவைப் பல மாதங்களுக்கு முன்பே, வண்டியின் மொத்த நீளத்தைச் சரியாகக் குறிப்பிட்டுச் செய்யுங்கள்.