டி5 பம்பா, டிடிசி பம்பா: கஸ்டம் வாட்டர் கூலிங்குக்கு எது பொருந்தும்?

கணினிக்குக் கஸ்டம் வாட்டர் கூலிங் (உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கோத்து நீரால் குளிர்விக்கும் அமைப்பு) அமைக்க முனைபவர்கள் வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டரையும் சிப்பின் மேல் அமரும் வாட்டர் பிளாக்கையும் நாள்கணக்கில் அலசிவிட்டு, பம்பை மட்டும் கடைசி நேரத்தில் விலையைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நீர் சுற்றிவரும் பாதையான லூப்பில் ஓய்வில்லாமல் அசையும் ஒரே உறுப்பு பம்புதான் என்பதால், அதிகக் கவனத்துக்கு உரியதும் அதுவே. சந்தையில் எத்தனையோ பெயர்களில் பெட்டிகள் கிடைத்தாலும், நம்பி வாங்கத்தக்க பம்புகளில் பெரும்பாலானவை டி5, டிடிசி என்ற இரண்டு வடிவங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இரண்டுமே ஜெர்மனியின் லைங் நிறுவனம் உருவாக்கியவை; அந்நிறுவனத்தை 2009இல் ஐடிடி வாங்கியது, 2011இல் ஐடிடியிலிருந்து சைலெம் பிரிந்தபோது பம்புத் தொழில் அதனுடன் சென்றது. ஸ்விஃப்டெக் நிறுவனம் எம்சிபி655 என்ற பெயரில் விற்றது டி5. எம்சிபி355 என்று விற்றது டிடிசி. ஆகவே பெட்டியின் மேலுள்ள பெயரைவிட, உள்ளே இருக்கும் மோட்டார் எது என்று கேட்டறிவதே முதல் வேலை.

விவரக்குறிப்பைப் புரட்டினால், டி5 மணிக்கு 1,500 லிட்டர் வரை தள்ளும் என்றும், அதன் ஹெட், அதாவது நீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்று மீட்டரில் சொல்லப்படும் அழுத்தம், ஏறத்தாழ 3.9 மீட்டர் என்றும் போட்டிருப்பார்கள். டிடிசி வகையில் 18 வாட் எடுக்கும் 3.2 மாதிரி, நல்ல மேல்மூடியுடன் (நீர் நுழைந்து வெளியேறும் வாய்கள் கொண்ட மூடி) 5.2 மீட்டர் ஹெட்டும் மணிக்கு 1,000 லிட்டர் ஓட்டமும் தரும். இவ்வெண்களை மட்டும் பார்த்து ‘டிடிசிக்கு அழுத்தம் அதிகம், ஆகவே அதுவே சிறந்தது’ என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்த முடிவு தவறு. அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, இந்த இரு எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. உச்ச ஹெட் என்பது வெளிவாயை அடைத்து ஓட்டமே இல்லாதபோது பம்பு தரும் அழுத்தம். உச்ச ஓட்டம் என்பது எதிர்ப்பே இல்லாமல் திறந்துவிட்டபோது கிடைக்கும் அளவு. உண்மையான லூப் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் நிலைகொள்ளும். இரண்டாவது, வீட்டு மோட்டார் கிணற்றுத் தண்ணீரை மாடித்தொட்டிக்கு ஏற்றுவதைப் போல இங்கே உயரத்தை வெல்ல வேண்டியதில்லை. மூடிய லூப் ஒருமுறை நிறைந்துவிட்டால், மேலே ஏறும் நீரின் எடையைக் கீழே இறங்கும் நீர் ஈடுகட்டிவிடும். பம்பு எதிர்கொள்வது குழாய், வளைவுகள், ரேடியேட்டர், வாட்டர் பிளாக்கின் நுண்ணிய வரிப்பள்ளங்கள் ஆகியவற்றின் எதிர்ப்பை மட்டுமே. ஆளுயரக் கேபினட்டின் உச்சியில் ரேடியேட்டரை வைப்பதற்காகவே வலிமை கூடிய பம்பைத் தேட வேண்டியதில்லை.

அப்படியானால் எவ்வளவு ஓட்டம் போதும்? சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 500 வாட் வெப்பத்தை நீரில் கொட்டுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 லிட்டர் ஓட்டத்தில் லூப்பின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 7 டிகிரி வேறுபாடு இருக்கும். ஓட்டம் 240 லிட்டரானால் அது 1.8 டிகிரியாகக் குறையும். 480 லிட்டராக இரட்டித்தாலும் குறைவது இன்னும் ஒரு டிகிரிக்கும் உள்ளேதான். வாட்டர் பிளாக்கினுள் வேகம் கூடுவதால் சிறிது பயன் கிடைக்கும் என்றாலும், ஏறத்தாழ 200 லிட்டரைத் தாண்டியபின் வெப்பநிலையை உண்மையில் தீர்மானிப்பவை ரேடியேட்டரின் பரப்பும் விசிறிகளுமே. ஒரு சிபியு பிளாக், ஒரு கிராபிக்ஸ் பிளாக், இரண்டு ரேடியேட்டர் கொண்ட வழக்கமான லூப்பில் இந்த அளவை டி5 முழு வேகத்துக்குப் போகாமலேயே எட்டிவிடும். டிடிசியாலும் எட்ட முடியும். எனவே குளிர்விக்கும் திறனில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தேர்வு நடக்க வேண்டிய களம் சத்தமும் வெப்பமும் இடமும்தான்.

சத்தத்தில் என் வாக்கு தயக்கமின்றி டி5க்கே. அதன் சுழலிக்கு நெடிய தண்டும் இல்லை, கசியக்கூடிய சீலும் இல்லை. ஒற்றைப் பீங்கான் உருண்டையின் மேல் அமர்ந்து, குளிர்த்திரவத்தையே மசகாகக் கொண்டு சுழல்கிறது. அதிலிருந்து எழுவது தாழ்ந்த ரீங்காரம். வேகத்தைக் குறைத்தால் விசிறிச் சத்தத்துக்குள் மறைந்துவிடும். டிடிசி எழுப்பும் ஒலி சுருதி கூடியது, காதில் தைப்பது. அதன் அதிர்வும் கேபினட்டின் தகட்டுக்கு எளிதில் கடத்தப்படுவதால், ரப்பர் அல்லது மெத்தென்ற நுரைப் பட்டை இல்லாமல் அதைப் பொருத்தவே கூடாது.

வேகத்தைக் குறைப்பதன் பலன் பலர் நினைப்பதைவிடப் பெரியது. சுழல்வேகம் 60 விழுக்காடானால் ஓட்டமும் ஏறத்தாழ அந்த விகிதத்தில்தான் குறையும். மின்நுகர்வோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். டி5 வேரியோ மாதிரியின் பின்புறத்தில் 1 முதல் 5 வரை எண்ணிட்ட சிறு திருகுச் சக்கரம் இருக்கும்; 1இல் நிமிடத்துக்கு 1,800 சுற்று, 5இல் 4,800 சுற்று. நடுத்தர லூப்புக்கு 3 என்ற நிலை பெரும்பாலும் போதும். ஆனால் பம்பைச் சுவரோரம் பொருத்திவிட்டால் அந்தச் சக்கரம் கைக்கு எட்டாது என்பதால், முடிந்தவரை பிடபிள்யூஎம் (மின்துடிப்புகளால் வேகத்தைக் கட்டுப்படுத்தும்) மாதிரியை வாங்கி, மதர்போர்டிலிருந்தே வேகத்தை ஆள்வது மேல்.

வெப்பம் பற்றிய வேறுபாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம் ஊர்க் கோடைக்கு அது முக்கியமானது. டி5 மோட்டாரின் வெப்பம் பெரும்பாலும் ஓடும் திரவத்திலேயே கலந்துவிடுகிறது. முழு வேகத்தில் அது எடுக்கும் 23 வாட்டை ரேடியேட்டர் சிரமமின்றி வெளியேற்றிவிடும். டிடிசியிலோ மின்சுற்றுப் பலகை அடிப்பகுதியில் நெருக்கமாக அமைந்திருப்பதால் அங்கே வெப்பம் தேங்குகிறது. 18 வாட் மாதிரிகளுக்கென்று அலுமினிய வெப்பத்தகடு கொண்ட அடிப்பெட்டிகள் தனியே விற்கப்படுவதற்குக் காரணம் இதுவே. அறையே 35 டிகிரியில் இருக்க, காற்றோட்டமில்லாத மூலையில் டிடிசியை நுரைப்பட்டையின் மேல் இறுக்கி வைத்து முழு வேகத்தில் ஓட்டுவது அதன் ஆயுளைக் குறைத்துக்கொள்ளும் வழி. டிடிசி வாங்குபவர் அந்தத் தகட்டையும் சேர்த்தே வாங்குவது நல்லது. அல்லது 10 வாட் எடுக்கும் 3.1 மாதிரியோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒரே பிளாக் உள்ள சிறிய லூப்புக்கு அதுவே தாராளம்.

இவ்வளவுக்குப் பிறகும் டிடிசியைத்தான் வாங்க வேண்டிய சூழல்கள் உண்டு. மேல்மூடி இல்லாத டிடிசி ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் சதுரமும் 4 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. சிறிய ஐடிஎக்ஸ் கேபினட்டில் டி5 நுழையவே நுழையாத இடத்தில் இது அமர்ந்துவிடும். குழாயை எளிதில் கழற்றி மாட்ட உதவும் விரைவுக் கழற்றிகளும் மூன்று நான்கு பிளாக்குகளும் வரிசையாக இருந்து எதிர்ப்பு கூடிய லூப்பிலும் அதன் கூடுதல் ஹெட் கைகொடுக்கும். அத்தகைய பெரிய லூப்புக்கு நான் பரிந்துரைப்பது வேறு: இரண்டு டி5களைத் தொடர்வரிசையில் இணைத்துக் குறைந்த வேகத்தில் ஓட்டுவது. ஹெட் கூடுவது ஒருபுறம் இருக்க, ஒன்று நின்றுபோனாலும் மற்றது ஓட்டத்தைத் தொடரும். பம்பு அடியோடு நின்றால் பாதிக்கப்படுவது சிபியு மட்டுமல்ல. பெட்ஜி வகைப் பிளாஸ்டிக்கால் ஆன கடினக் குழாய்கள் 60 டிகிரியை நெருங்கும்போது இளகி, இணைப்பிலிருந்து நழுவக்கூடும்.

மீன்தொட்டிக்கான மலிவு விலைப் பம்புகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹெட் மிகக் குறைவு, வேகக் கட்டுப்பாடு இல்லை, 230 வோல்ட் மின்சாரம் கேபினட்டுக்குள் நீரோடு சேர்கிறது, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்தப் பம்பாக இருந்தாலும் திரவத் தொட்டியான ரிசர்வாயருக்குக் கீழே அமைந்து, ஒரு நொடிகூட உலர்ந்து ஓடாமல் இருக்க வேண்டும். திரவம் இல்லையேல் மசகும் இல்லை. மதர்போர்டின் சாதாரண விசிறி இணைப்பு 1 ஆம்பியர், அதாவது 12 வாட் மட்டுமே தரவல்லது. ஆகவே பம்புக்கான மின்சாரத்தை கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மோலெக்ஸ் அல்லது சாட்டா இணைப்பு வழியாக எடுத்து, வேகக் கட்டுப்பாட்டுக் கம்பியையும் சுழல்வேகத்தைக் காட்டும் கம்பியையும் மட்டும் மதர்போர்டில் செருகுங்கள். அவற்றைச் சிபியு விசிறிக்கான இணைப்பில் செருகி, பயாஸில் விசிறி எச்சரிக்கையையும் இயக்கிவைத்தால், பம்பு சுழலாத நாளில் பெரும்பாலான மதர்போர்டுகள் கணினி துவங்கும்போதே எச்சரித்துவிடும்.